கரும்பலகை இல்லாத கருத்தரங்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கணிதத் தர்க்கம், கம்ப்யூட்டபிலிட்டி (எதை நிரலால் கணக்கிட முடியும், எதை முடியாது என்று ஆராயும் துறை) ஆய்வாளர்களுக்கென்று கொங்கு மண்டல அளவில் ஒரு கருத்தரங்கு தொடங்கலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. நல்ல சேதிதான். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை, ஆளுக்குப் பத்து நிமிடம் கட்டுரை வாசிப்பு, மாலையில் சான்றிதழ் என்று வழக்கம்போல நடத்துவதாக இருந்தால் வேண்டவே வேண்டாம். இந்தத் துறையில் பத்து நிமிடத்தில் தேற்றத்தின் பெயரைத்தான் சொல்லலாம். நிரூபணத்தைச் சொல்ல முடியாது.

1944இல் தர்க்கவியலாளர் எமில் போஸ்ட் எழுப்பிய கேள்வியையே எடுத்துக்கொள்வோம். நிரலால் பட்டியலிட முடிகிற எண் கணங்களில், தீர்மானிக்கக்கூடியதாகவும் (ஓர் எண் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிரல் எப்போதும் சொல்லிவிடக்கூடியதாகவும்) இல்லாமல், நிறுத்தச் சிக்கல் (ஒரு நிரல் ஓடி நிற்குமா நிற்காதா என்ற கேள்வி) அளவுக்குக் கடினமாகவும் இல்லாமல், இடையில் ஒன்று உண்டா? உண்டு என்று 1956இல் சோவியத் நாட்டு முச்னிக்கும் 1957இல் அமெரிக்காவின் ஃப்ரீட்பெர்கும் தனித்தனியே காட்டினார்கள். (விடை கண்டபோது ஃப்ரீட்பெர்க் இளநிலை மாணவர். மாணவர்களைக் கூட்டம் சேர்க்க மட்டும் அழைத்து வருகிறவர்கள் கவனிக்க.)

அந்த நிரூபணத்தில் நிபந்தனைகளை (‘இந்த நிரல் இந்தக் கணத்தைச் சரியாகக் கணக்கிடக் கூடாது’ என்பது போன்றவை) முன்னுரிமைப்படி வரிசையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி எண் (அந்த நிரல் தவறுவதைக் காட்டும் எண்) ஒதுக்குவார்கள். மேலே இருப்பது செயல்பட்டால் கீழே இருப்பவை காயப்படும், அதாவது அதுவரை செய்தது வீணாகும். புதிய சாட்சியோடு மறுபடி தொடங்க வேண்டும். முதல் நிபந்தனைக்குக் காயமே கிடையாது. இரண்டாவதற்கு அதிகபட்சம் 1, மூன்றாவதற்கு 3, நான்காவதற்கு 7. எதற்குமே காயம் முடிவில்லாமல் போகாது என்பதில்தான் நிரூபணமே நிற்கிறது. ஸ்லைடில் போட்டால் நிபந்தனைப் பட்டியல் முந்தைய பக்கத்தோடு போய்விடும், அதோடு பாதி அரங்கமும். புதிய சாட்சி ஏன் பெரிய எண்ணாக இருக்க வேண்டும் என்பதையும் அவசரத்தில் விழுங்கிவிடுவார்கள். மேல் நிபந்தனை காத்து வைத்த கணக்கீடு ஆரக்கிளில் (கணக்கீடு இடையில் விடை கேட்டுக்கொள்ளும் மற்றொரு கணம்) எதுவரை பார்த்ததோ, அதைத் தாண்டித்தான் எண்ணை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கணக்கீடே கெடும்.

ஆகவே ஒரு காலைப்பொழுதுக்கு ஒரே தேற்றம், இரண்டு மணி நேரம், மூன்று கரும்பலகை. இடது பலகையில் நிபந்தனைகள். அதைக் கடைசிவரை அழிக்கக் கூடாது. நடுவில் நடப்புக் கட்டம். வலதில் எது எத்தனை முறை காயப்பட்டது என்ற கணக்கு. வரையறைகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிட்டால் முதல் அரைமணி மிச்சம்.

பி.இ. மாணவர்களுக்கு இதெல்லாம் கடைசி யூனிட்டில் ஓட்டமாக முடிகிற பாடம். பிற்பகலில் அவர்களுக்கு ‘பிசி பீவர்’ கொடுக்கலாம், கடைசியில் நின்றுவிடும் பொறிகளில் எது அதிக நேரம் ஓடும் என்ற புதிர். இரண்டு குறி, 5 நிலை கொண்ட டூரிங் பொறிகளில் (நாடாவில் குறிகளைப் படித்து எழுதும் கற்பனைக் கணினிகள்), வெற்று நாடாவில் தொடங்கி நின்றுவிடுபவற்றுள் அதிகம் ஓடுவது 4,71,76,870 படி. பொறிக்குப் பத்தே கட்டளை. மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். அதை மிஞ்ச வேறு பொறி இல்லை என்பது 2024இல்தான் காக் என்ற சரிபார்ப்பு மென்பொருளின் துணையோடு உறுதியானது.

இடம் பெரிய சிக்கலல்ல. சேலம், ஈரோடு, திருப்பூர், கோவை எல்லாம் ஒரே ரயில் பாதை. ஊர் மாற்றி ஊர் நடத்தலாம். தரமணி கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து வருகிறவர் இரவு சேரன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் போதும். ஆடி மாதச் சனிக்கிழமைகள் தோது, முகூர்த்தம் இருக்காது. ஆடிப் பதினெட்டை மட்டும் விட்டுவிடுங்கள். ஈரோட்டுக்காரர்கள் பவானிக் கூடுதுறைக்குப் போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
கணினியியல் பேராசிரியர் ஒருவர்,
பெருந்துறை.