சென்சார் கெட்டுப்போகவில்லை, நடுவில் பஃபர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பகுதியில் இப்போதெல்லாம் சின்னச் சின்ன மின்னணுச் செய்முறைகள் வருகின்றன. நல்ல முயற்சி, விடாமல் போடுங்கள். ஆனால் ஒரு குறை. பினாங்கில் தமிழ்ப்பள்ளிகளிலும் கோயில் மண்டபங்களிலும் வார இறுதி வகுப்பு எடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்: சென்சாரைச் சொல்லித் தருகிறோம், கோடிங்கைச் சொல்லித் தருகிறோம், சென்சாரிலிருந்து வருகிற சிக்னல் அடுத்த பாகத்தை இயக்குமா என்பதை மட்டும் சொல்லித் தருவதே இல்லை. அந்தச் சிக்னலைக் கெடுக்காமல் அடுத்த பாகத்துக்குக் கடத்தித் தருகிற இடைச் சுற்றுதான் பஃபர்.

அண்மையில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் ஒரு மாணவி, வெளிச்சத்துக்கு ஏற்ப வேகம் மாறுகிற விசிறி செய்து வைத்திருந்தாள். மல்டிமீட்டரை வைத்தால் எல்டிஆர் (வெளிச்சத்துக்கு ஏற்பத் தடை மாறுகிற ரெசிஸ்டர், இதுதான் சென்சார்) பக்கம் 2.5 வோல்ட் அழகாக வருகிறது, விசிறியின் மோட்டாரை மாட்டினால் ஏறக்குறைய 0 வோல்ட். "சென்சார் கெட்டுப் போச்சு, வேற வாங்கிக்கோ" என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. சென்சாரில் ஒரு கோளாறும் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கணக்கு எளிதுதான். எல்டிஆரையும் ஒரு ரெசிஸ்டராகவே எண்ணிக்கொள்ளுங்கள். 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் வைத்தால் நடுப்புள்ளியில் 2.5 வோல்ட். ஆனால் அந்தப் புள்ளி, 5 கிலோ ஓம் தடைக்குப் பின்னால் நிற்கிற 2.5 வோல்ட் பேட்டரி போலத்தான் நடந்துகொள்ளும். அதில் 1 கிலோ ஓம் சுமையை (கரண்ட் இழுக்கிற பாகத்தை) போட்டாலே 0.42 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், சில பத்து ஓம் மட்டுமே உள்ள மோட்டாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம் என்பதால் சிக்னலைத் தொந்தரவு செய்யாமல் சரியாகக் காட்டுகிறது. அதே இடத்தில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டு அளக்கச் சொல்லுங்கள், மீட்டரே சுமையாகி 2.38 காட்டும். பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்க மாட்டார்கள்.

இதற்கு மருந்து எல்எம்358 என்ற எட்டுக் கால் சிப் (உள்ளே ஒரே மாதிரி இரண்டு பெருக்கிகள் உண்டு), ஒன்றிரண்டு வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைக்கும். 8-ஆம் காலில் 5 வோல்ட்டும் 4-ஆம் காலில் கிரவுண்டும் கொடுத்து, 1-ஆம் காலையும் 2-ஆம் காலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, சிக்னலை 3-ஆம் காலில் கொடுங்கள், அவ்வளவுதான் பஃபர். உள்ளே போவது 2.5 என்றால் வெளியே வருவதும் 2.5. வோல்ட் அதிகமாகாது, ஆனால் உள்ளே ஏறக்குறைய கரண்டே இழுக்காமல் வெளியே சில மில்லி ஆம்பியர் கொடுக்கும். அதே 1 கிலோ ஓம் சுமையை இப்போது போட்டுப் பாருங்கள், 2.5 அசையாது. சிப்பின் மறுபாதியைப் பயன்படுத்தவில்லை என்றால் சும்மா தொங்கவிடாமல், 6, 7-ஆம் கால்களை இணைத்து 5-ஐ நடுப்புள்ளியில் கட்டிவிடுங்கள்.

மோட்டாருக்கு இது மட்டும் போதாது. பஃபர் வேறு, அதிகக் கரண்ட் கொடுக்கிற டிரைவர் வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். 200 மில்லி ஆம்பியர் கேட்கிற மோட்டாருக்கு, சிப்பின் பின்னால் பிடி139 போல ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். 2-ஆம் காலுக்கான வயரை 1-ஆம் காலிலிருந்து கழற்றி எமிட்டரிலிருந்து (டிரான்சிஸ்டரில் மோட்டாரை மாட்டுகிற காலிலிருந்து) எடுத்தால், டிரான்சிஸ்டர் விழுங்கும் 0.7 வோல்ட்டை சிப் தானே ஈடுகட்டிவிடும். ஆனால் எல்எம்358-இன் வெளியீடு தன் சப்ளைக்குச் சுமார் 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும் என்பதால் 5 வோல்ட்டில் மோட்டாருக்கு 2.8-க்கு மேல் கிடைக்காது. சரி, 12 வோல்ட் கொடுக்கலாம் என்றால், மோட்டாருக்கு 3 வோல்ட் போக மீதி 9 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் மேல் விழும், 200 மில்லி ஆம்பியரில் 1.8 வாட் சூடு. சூட்டை இறக்குகிற உலோகத் தகடு (ஹீட் சிங்க்) இல்லாமல் தொட முடியாது.

1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்தது. அதிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் டெஸ்டிங் லைனில் நின்ற நம் அக்காமார் அண்ணன்மார் எத்தனையோ பேர், பலர் இப்போது ஓய்வில் வீட்டில் இருக்கிறார்கள். வகுப்பு நடத்துகிறவர்கள் அவர்களை அழையுங்கள், கோடிங்குக்கு முன் ஒரு வாரம் பிரெட்போர்டும் (பாகங்களைச் செருகிச் சுற்று அமைக்கும் பலகை) மீட்டரும் மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுக்கட்டும். நீங்களும் உங்கள் அடுத்த செய்முறைப் படத்தில் அந்த எட்டுக் கால் சிப்பைச் சேர்த்து, சுமை இல்லாமலும் சுமையோடும் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்சாலை டெக்னீஷியன்,
பாயான் பாரு, பினாங்கு