லூபஸ் நோயுள்ள பெண்களின் மருந்து இருப்பு நிதிக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

உடலின் நோய் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ் நோயுடன் வாழ்வோரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அவர்கள் அன்றாடம் உட்கொள்ளும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை, கொரோனாவைத் தடுக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், 2020 மார்ச் மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தது; செய்தி பரவியதும் நோயில்லாதவர்களும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் அம்மருந்தின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடும், அதையடுத்து விற்பனைக்குக் கடுமையான விதியும் வந்தபோதிலும், பல மருந்துக்கடைகளில் "ஸ்டாக் இல்லை" என்ற பதிலே கிடைத்தது.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து மாதந்தோறும் பேருந்தில் மதுரைக்கு வந்து மருந்து வாங்கிச் சென்ற எங்கள் சகோதரி ஒருவரிடம் அன்று பதினோரு மாத்திரைகள் மீதமிருந்தன. அவர் ஒவ்வொன்றையும் பிளேடால் இரண்டாக நறுக்கி, தீப்பெட்டியில் போட்டு வைத்து, நாளுக்கு ஒரு துண்டாக விழுங்கினார். இரவில் உடம்பு சுட்டால் அது லூபஸா, கொரோனாவா என்று அவருக்குத் தெரியவில்லை. இந்நோய்க்காக அவர் உட்கொண்ட ஸ்டீராய்டு மாத்திரை நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதும், அதைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்பதும் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. வீட்டாரிடம் சொன்னால் "உனக்கு எப்போதும் ஏதாவது ஒன்று" என்பார்கள் என்று வாய் திறக்கவில்லை. அதை மனப்பிரமை என்று ஒதுக்குவது பெரும் அநீதி. கையிருப்பு தீரத் தீர வளர்ந்த பயம் அது.

ஆகவே, இன்னொரு தொற்று வரும்வரை காத்திராமல், எங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் மருத்துவர் சீட்டின்படி இரண்டு மாத மருந்தை எப்போதும் வீட்டில் வைத்திருக்க உதவும் பொது நிதியொன்றைத் தொடங்குகிறோம். தினக்கூலிக்குச் செல்லும் பெண்ணால் இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் வாங்க முடிவதில்லை. அந்தக் கூடுதல் மாதத்தின் விலையையே உங்களிடம் கேட்கிறோம். மீதமாகும் தொகை, மாதம் ஒருமுறை மனநல ஆலோசகர் தொலைபேசியில் இவர்களுடன் பேசுவதற்கான கட்டணமாகச் செலவாகும்.

ரூ. 200 ஆயினும் மனமுவந்து தாருங்கள். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தரப்படும். வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்திற்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். உதவி பெறுவோரின் பெயர்களை மட்டும் வெளியிட மாட்டோம். மணமாகாத பெண்கள் பலர் இந்நோயை ஊரறியாமல் மறைத்தே வாழ வேண்டியிருப்பதால், இதைப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
நிதிக் குழுவினர்