பெயர் சொல்லாமலே கேட்கலாம், அப்பா

சன்னிவேல், கலிபோர்னியா
மே மாதக் கடைசி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவனுக்கு இன்னும் சில நாளில் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடும். அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்றா? போனில் அதையே கேட்டுக் கேட்டு, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிடுகிறேன். "அந்த ஊரில் நம்ம யூனியன் ஆபீஸ் மாதிரி எது? அங்கேயும் கை நீட்டுவார்களா?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மாநிலத்துக்குக் கீழே கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி. நாங்கள் இருப்பது சான்டா கிளாரா கவுண்டி, தலைமையிடம் சான் ஹோசே. ஏறக்குறைய 19 லட்சம் ஜனம். கலெக்டர் என்று மேலேயிருந்து யாரும் வருவதில்லை. ஐந்து தொகுதி, தொகுதிக்கு ஒருவராக ஐந்து சூப்பர்வைசர்கள், அவர்கள் சேர்ந்த சபைதான் கவுண்டியை ஆள்கிறது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல். போலீஸையும் ஜெயிலையும் பார்த்துக்கொள்ளும் ஷெரிஃபையும் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிகள், ஜெயில், முதியோர் சாப்பாடு, பூங்காக்கள் எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. வருஷ பட்ஜெட் 10 பில்லியன் டாலருக்கு மேல். இவ்வளவு பணம் புரளும் இடத்தில் கை நீளாதா என்றால், நீளத்தான் செய்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதம் பட்ஜெட் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டு வியட்நாம் பாட்டி தினமும் முதியோர் மையத்தில்தான் மதியம் சாப்பிடுகிறார். அந்தத் திட்டத்துக்குப் பணத்தைக் குறைத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். நான்தான் காரில் அழைத்துப் போனேன். யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்காரலாம். பெயர் எழுதினால்தான் விடுவேன் என்று வாசலில் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. பேச நினைத்தவர்கள் வரிசையாக மைக்குக்குப் போனார்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம். முன்னால் ஒரு கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது.

பாட்டி வியட்நாமிய மொழியில் பேச, பக்கத்தில் நின்ற பெண் ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு நிமிடத்தில் பாதி மொழிபெயர்ப்பிலேயே போய்விடுமே என்று எனக்குப் பதைப்பு. ஆனால் கடிகாரத்தில் நான்கு நிமிடம் வைத்திருந்தார்கள். யாரோ இரக்கப்பட்டுச் செய்ததில்லை அப்பா, சட்டமே அப்படி. மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் கொடுத்தாக வேண்டும் என்று 2016-இல் கலிபோர்னியாவில் சட்டம் போட்டிருக்கிறார்கள். பாட்டி நிறுத்தி நிதானமாக, என்ன சாப்பாடு போடுகிறார்கள், பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பது வரைக்கும் சொன்னார். ஐந்து பேரும் தலையைக் குனியாமல் கேட்டார்கள்.

அவருக்குப் பின்னால் வந்த ஒருவர் அந்த ஐந்து பேரையும் கிழிகிழியென்று கிழித்தார். எனக்கே காது கூசியது. தலைவர் குறுக்கே பேசவில்லை. நேரம் முடிந்ததும் "நன்றி" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். நிர்வாகத்தைக் குறை சொல்வதை எந்தச் சபையும் தடுக்க முடியாது. கூட்டத்தையே நடத்தவிடாமல் கலாட்டா செய்தால்தான், அதுவும் முதலில் எச்சரித்துவிட்டு, வெளியேற்றலாம். திட்டு வாங்கிக்கொண்டு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பதும் அந்த வேலையில் சேர்த்திதான் என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. பணம் குறையுமா, குறையாதா என்பது ஜூனில் அந்த ஐந்து பேரும் போடும் ஓட்டில் தெரியும்.

தீர்மான நோட்டில் கையெழுத்துக்கு மேலே ஒரு வரிகூடக் காலியாக விடாமல் கோடு போட்டு அடைப்பீர்களே, பின்னால் யாரும் எதையும் செருகிவிடக் கூடாதென்று. அந்தக் கவலையையே இங்கே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிரவுன் சட்டம் என்று பெயர், 1953-இல் வந்தது. வழக்கமான கூட்டமென்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தில், அபூர்வமான அவசரம் தவிர, முடிவெடுக்கக் கூடாது. ஐந்தில் மூன்று பேர் பெரும்பான்மை என்பதால், மூன்று சூப்பர்வைசர்கள் தனியே கூடிக் கவுண்டி விவகாரத்தைப் பேசி வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மூன்றாமவருக்குச் சொன்னாலும் தப்புதான்.

இன்னொன்று கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். பதவியில் இருப்பவர்கள் வருஷாவருஷம் தங்கள் முதலீடு, வருமானம், வாங்கிய பரிசு எல்லாவற்றையும் 'படிவம் 700' என்ற தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே ஆளிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசு வந்தால் காட்டியாக வேண்டும். அந்தத் தாளை யாரும் கேட்டுப் பார்க்கலாம். நம் தகவல் உரிமை மனுவில் காரணம் சொல்ல வேண்டாமே தவிர, பெயரும் முகவரியும் எழுதாமல் முடியாதல்லவா? இங்கே அதுவும் வேண்டாம். நகல் வேண்டுமென்றால் பக்கத்துக்கு 10 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. கேட்டவனை அடையாளம் வைத்துக்கொண்டு பின்னால் தொந்தரவு செய்ய வழியே இல்லாமல் செய்திருப்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இவ்வளவு இருந்தும் தப்பு நடந்தது. 2013-இல் சூப்பர்வைசர் ஜார்ஜ் ஷிராகவா பொதுப்பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததையும் பொய்க் கணக்கு எழுதியதையும் ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அதைவிடப் பெரிதாகப் பேசப்பட்டது ஷெரிஃப் லாரி ஸ்மித் விவகாரம். கலிபோர்னியாவிலேயே ஷெரிஃபாகத் தேர்தலில் ஜெயித்த முதல் பெண். 1998-இலிருந்து ஆறு முறை ஜெயித்தவர். உடையில் மறைத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கொடுப்பது அவர் கையில் இருந்தது. பெரிய புள்ளிகளுக்கும் தேர்தல் நிதி கொடுத்தவர்களுக்கும் அனுமதி கிடைக்கிறது, சாதாரண ஜனங்களின் விண்ணப்பம் தொடப்படாமலே கிடக்கிறது என்பது குற்றச்சாட்டு. ஐஸ் ஹாக்கி அரங்கில் விலையுயர்ந்த தனி அறையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்துவிட்டு, அந்தப் பரிசைக் கணக்கில் காட்டாமல் மறைத்தார் என்பது இன்னொன்று.

அவரைக் கூண்டில் ஏற்றியது சிவில் கிராண்ட் ஜூரி. விண்ணப்பித்த சாதாரண ஆட்களிலிருந்து 19 பேரை எடுத்து ஒரு வருஷத்துக்கு உட்கார வைப்பார்கள். ரிட்டயரான வாத்தியார், கணக்கு எழுதுகிறவர் யாரும் இருக்கலாம். தேர்தலில் ஜெயித்துப் பதவியில் இருப்பவர் மட்டும் கூடாது. உள்ளூர் ஆட்சியின் எந்த மூலையையும் தோண்டிப் பார்க்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. பதவியைப் பறிக்கச் சொல்லிக் குற்றம் சாட்ட 12 பேராவது சம்மதிக்க வேண்டும். 2021 டிசம்பரில் அது நடந்தது. அடுத்த வருஷம் விசாரணை. தீர்ப்புச் சொல்ல வேண்டிய கோர்ட் ஜூரி (இது வேறு ஜூரி) கூடியிருந்த நேரத்தில், அக்டோபர் 31 அன்று, அவர் ராஜினாமா செய்துவிட்டு வழக்கை முடிக்கச் சொன்னார். நீதிபதி மறுத்துவிட்டார். நவம்பர் 3 அன்று குற்றம் நிரூபணமானதாகத் தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் கொடுக்கக்கூடிய ஒரே தண்டனை பதவி நீக்கம். அவர் முன்பே போய்விட்டார். ஆனாலும் நடந்தது இன்னதென்று ஏட்டில் ஏறியதே, அது பெரிய காரியம்.

குறை இல்லாமல் இல்லை. கூட்டங்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைப் பகலில். கூலிக்கு வேலை பார்ப்பவர் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேச வருவாரா? வீட்டிலிருந்தே பேசலாம் என்று வசதி செய்திருக்கிறார்கள், அதற்கும் வேலைக்கு நடுவில் காத்துக் கிடக்க வேண்டும். கிராண்ட் ஜூரி எழுதும் அறிக்கைக்குச் சபை 90 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொன்னபடி செய்தாக வேண்டுமென்று கட்டாயமில்லை. ஷெரிஃப் விஷயத்திலும், இத்தனை விதி இருந்தும் பிடிபட இவ்வளவு காலம் ஆனது எனக்கு வருத்தம்தான். ஓட்டுப் போட்டவர்கள் ஆறு முறையும் கவனிக்கவில்லையே.

நான் அந்த 19 பேரில் சேர இன்னும் முடியாது. குடியுரிமை வேண்டும், பச்சை அட்டை போதாது. குடியுரிமை கைக்கு வந்ததும் விண்ணப்பம் போடப் போகிறேன். வேலையை என்ன செய்வாய் என்று உங்கள் மாப்பிள்ளை கேட்கிறார். வாரத்தில் சில நாள் போக வேண்டியிருக்கும், அதற்கு இப்போதே ஆபீஸில் பேசி வைக்கலாமென்று இருக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? அம்மாவிடம் ஆபரேஷன் முடியும் வரை அடுப்படிப் பக்கம் ரொம்ப நிற்க வேண்டாமென்று சொல்லுங்கள். டாக்டர் தேதி சொன்னதும் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், ராத்திரி என்று பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்