குடும்ப ஆல்பம் ஃபுல் பேக்குக்கு முழுப் பணம் வாங்கிட்டு பாதி சாமான் அனுப்பினது பத்தி புகார்

குறைதீர் அதிகாரி அவர்களுக்கு,

ஐயா / அம்மா, ஸ்தோத்திரம்.

ஆர்டர் நம்பர், பில், பார்சல் பிரிச்ச வீடியோ, சிடி பின்பக்கத்து ஃபோட்டோ எல்லாம் இந்த மெயிலோட வச்சிருக்கேன். இதெல்லாம் ஏற்கனவே உங்களுக்கு அனுப்பினதுதான். உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் முதல்ல இருந்து கேக்குறாங்க, நானும் முதல்ல இருந்து அனுப்புறேன், டிக்கெட் க்ளோஸ்டுன்னு ஒரு மெசேஜ் வருது, என்ன பண்ணி க்ளோஸ் பண்ணீங்கன்னு கேட்டா யாருக்கும் தெரியல. இனிமே ஃபோன் பண்றதா இல்ல. எழுத்துல கேக்குறேன், எழுத்துலயே பதில் வேணும்.

நான் திருச்செந்தூர் பக்கத்துல ஒரு சிஎஸ்ஐ சர்ச்ல க்வயர், அதாவது பாடகர் குழு, நடத்துறேன். பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைகளை அப்பா அம்மா பிள்ளைங்கன்னு ஒரே குடும்பமாப் பாடி நீங்க வெளியிட்ட புது ஆல்பத்துக்கு நீங்க ப்ரீ ஆர்டர் போட்ட அன்னைக்கே ஃபுல் பேக் புக் பண்ணேன், ஒரு பேக் 1,499 ரூபா, ஒண்ணு இல்ல, க்வயர்ல நாலு குரல் பிரிவு, பார்ட்டுக்கு ஒண்ணு வேணும்னு நாலு. பிள்ளைங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்ட காசு அது. ஃபுல் பேக்னா என்னன்னு நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல, விளம்பரம் நீங்க போட்டது. ஒரிஜினல் சிடி, பென்டிரைவ்ல எல்லாப் பாட்டுக்கும் மைனஸ் ட்ராக், அதாவது குரல் இல்லாத வெறும் இசை, அப்புறம் சோல்ஃபா நொட்டேஷனோட, அதாவது டோ ரே மின்னு ஸ்வரம் எழுதின, பாட்டுப் புஸ்தகம். நான் காசு குடுத்தது அந்தக் கடைசி ரெண்டுக்குத்தான். பாட்டு கேக்க மட்டும்னா மொபைல்லயே கேட்டிருப்பேன்.

வந்தது என்ன? புஸ்தகத்துல பாட்டு வரிக்கு மேல கிட்டார் கார்டு மட்டும் அச்சடிச்சிருக்கு. ஜி, ஈ மைனர், சி, டி, அவ்வளவுதான். சோல்ஃபா ஒரு வரி கூட இல்ல. மைனஸ் ட்ராக்னு போட்டு வச்சிருக்குறதுல அந்தக் குடும்பத்துப் பெரிய மக குரல் பின்னாடி ஓடிட்டே இருக்கு, முழுப் பாட்டை ஏதோ சாஃப்ட்வேர்ல போட்டு குரலை அழிச்சிருக்காங்க, அதுவும் சரியா அழியல. சரணம் வரும்போது வயலின் சத்தமும் சேந்து அமுங்குது, தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி இருக்கு. நாலாவது பாட்டை நீங்களே ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்க, அனுபல்லவி முடிஞ்சதும் அந்த "ஆ" இழுப்பு அப்படியே இருக்கு. ஸ்டுடியோவுல இசை தனி ட்ராக்கா இல்லாம இந்த ஆல்பம் மிக்ஸ் ஆகியிருக்காது, அதை எடுத்துப் போட உங்களுக்கு ஒரு மத்தியானம் போதும். சிடியும் ஒரிஜினல் இல்ல. ஃபேக்டரில அச்சடிச்ச சிடி பின்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும், நீங்க அனுப்பினது பச்சை அடிக்குது, வெறும் சிடி வாங்கி கம்ப்யூட்டர்ல எழுதி அனுப்பிருக்கீங்க. ஏழாவது பாட்டுல நின்னுடுது. நாலு சிடியும் அங்கதான் நிக்குது.

இதை எல்லாம் மரியாதையா, பொறுமையா உங்க கஸ்டமர் கேர்ல சொன்னேன். முதல்ல பேசுன பொண்ணு தங்கமான பொண்ணு, "சிஸ்டர், ப்ரொடக்‌ஷன் டீமுக்கு அனுப்பிட்டேன்"னு சொல்லுச்சு. ப்ரொடக்‌ஷன்ல கேட்டா டிஸ்ட்ரிபியூஷனாம், டிஸ்ட்ரிபியூஷன்ல கேட்டா கொரியர்ல டேமேஜ் ஆகியிருக்கும்னு சொல்றாங்க. கொரியர்ல எப்படிங்க நொட்டேஷன் டேமேஜ் ஆகும்? அச்சடிக்காதது வழியில எப்படி அழியும்? இன்னொருத்தர் "உங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிறோம் சிஸ்டர்"னு சொல்லி ஃபோனை வச்சுட்டார். ஜெபத்தை நான் எப்பவும் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் கேட்டது புஸ்தகம்.

அப்புறம் ஒரு ஆள் பேசினார். பேர் கேட்டேன், சொல்லல. "பாட்டு கேக்கத்தானே வாங்குனீங்க, கேக்குதுல்ல, அப்புறம் என்ன"னு கேட்டார். சோல்ஃபா இல்லன்னு சொன்னேன். "அதெல்லாம் இப்ப யாருங்க பாக்குறா, யூட்யூப் பாத்து பழகச் சொல்லுங்க"ன்னார். விளம்பரத்துல போட்டிருக்கீங்களேன்னு கேட்டதுக்கு, "ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா, சர்ச்சுல இருந்து பேசுறவங்க எல்லாருமே இப்படித்தான், ஃப்ரீயா குடுத்தா வாங்கிப்பீங்க, காசு குடுத்துட்டா உயிரை எடுப்பீங்க"ன்னு சொன்னார். ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். க்வயர் பிள்ளைங்க சுத்தி நின்னு கேட்டுட்டு இருந்தாங்க, எங்க அப்பாவும் இருந்தாங்க. அப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு, இத்தனை வருஷமா அதே க்வயர்ல பேஸ்ங்கிற கீழ்க் குரல் பாடுறவங்க, அவங்க முன்னாடி இந்தப் பேச்சு. அந்த கால் ரெக்கார்டிங் உங்ககிட்ட இருக்கும், "பயிற்சிக்காக பதிவு செய்யப்படுகிறது"ன்னு முதல்லயே சொல்றீங்களே, எடுத்துப் போட்டுக் கேளுங்க. கேட்டுட்டு அவரை மறுபடி கஸ்டமர் ஃபோனை எடுக்க விடலாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

சோல்ஃபா இப்ப யார் பாக்குறான்னு கேட்டாரே, எங்க திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் சர்ச் க்வயர்ல நிறையப் பேர் அதுலதான் பாடுறோம். மிஷனரிமார் காலத்துல இருந்து வந்த பழக்கம். ஸ்டாஃப் நொட்டேஷன் தெரியாத பிள்ளைக்கும் டோ ரே மி எழுதிக் குடுத்தா சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நாலும் தனித்தனியா பிடிச்சுக்கும். இந்த ஆல்பத்தோட விசேஷமே அந்த நாலு பார்ட்டுதானே. கீர்த்தனை புஸ்தகத்துல ராகம் தாளம் மட்டும் போட்டு ஒத்தை மெட்டா பாடிட்டு வந்ததை அந்தக் குடும்பம் நாலு குரலாப் பிரிச்சிருக்கு. சங்கராபரண ராகம் வெஸ்டர்ன் மேஜர் ஸ்கேலோட ஒத்துப் போறதால அதுல ஹார்மனி உக்காரும், ஆனா ராகம் கெடாம உக்கார வைக்கிறது பெரிய வேலை. மூணாவது பாட்டு ரெண்டாம் சரணத்துல அந்தக் குடும்பத்து அப்பா கீழ ஸட்ஜத்துலயே நிக்கிறார், மகங்க ரெண்டு பேரும் மேல ஏறிப் போறாங்க, அம்மா நடுவுல ஒரே ஒரு இடத்துல இறங்கி வந்து சேர்றாங்க, அந்த இடத்தைக் காதால கேட்டு மட்டும் ஒரு பதிமூணு வயசுப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்க முடியாது. எழுதின நொட்டேஷன் வேணும். கிட்டார் கார்டை வச்சு என்ன பண்ண?

அந்தக் குடும்பத்து மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அதையும் பதிவு பண்ணிக்கோங்க. அப்பா அம்மா பிள்ளைங்கன்னு ஒரே வீட்டுல இருந்து பாடுறது நம்ம சபையில புதுசு கிடையாது, பழைய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின வேதநாயக சாஸ்திரியார் வம்சத்துல தலைமுறை தலைமுறையா பாடிட்டு வந்திருக்காங்க. இவங்க அந்த வழியில பழைய கீர்த்தனையை எடுத்து இவ்வளவு பயபக்தியாப் பாடியிருக்காங்க, அவங்க உழைப்பை நீங்க பச்சை சிடில எழுதி அனுப்பினா அது அவங்களுக்கும் பண்ற அநியாயம்.

பாளையங்கோட்டை விஷயத்துக்கு வர்றேன். உங்க ஆஃபீஸ்ல இருந்துதான் சொன்னாங்க, பேக் எல்லாத்தையும் எடுத்துட்டு அங்க உங்க கிளைக்குப் போங்க, ஸ்பாட்லயே மாத்திக் குடுப்பாங்கன்னு. சனிக்கிழமை காலையில நாசரேத்துல பாசஞ்சர் ஏறி, அப்பாவையும் கூட்டிட்டு, நாலு பேக்கையும் பைல கட்டி எடுத்துட்டுப் போனேன். அப்பா ஏன் வந்தாங்கன்னா சோல்ஃபாவை அவங்க ஒரு தடவை பாத்து சரியான்னு சொல்லணும்னு. அங்க ஷட்டர் பாதி இறக்கி வச்சிருக்கு. உள்ள இருந்த தம்பி வெளிய கூட வரல, குனிஞ்சு பாத்துட்டு "ரீப்ளேஸ்மென்ட் எல்லாம் சென்னைதான், எங்களுக்கு மெயில் வரல"ன்னார். மெயில் நான் காட்டுறேன், என் ஃபோன்ல இருக்கு, நீங்க அனுப்பினது. அது செல்லாதாம். சரி, மேனேஜர் வரட்டும்னு வாசல்லயே நின்னோம். உக்கார ஒரு ஸ்டூல் கேட்டேன் அப்பாவுக்கு, இல்லன்னுட்டார், உள்ள மூணு சேர் காலியா இருந்துச்சு, கண்ணால பாத்தேன். மேனேஜர் வரவே இல்ல. பென்டிரைவை மட்டும் "செக் பண்றேன்"னு வாங்கிட்டுப் போய் பத்து நிமிஷத்துல திருப்பிக் குடுத்தார், "வொர்க் ஆகுதே"ன்னார். வொர்க் ஆகலன்னு நான் சொல்லவே இல்ல, குரல் அழியலன்னுதான் சொன்னேன், அதைக் கேக்க அங்க ஆள் இல்ல. வந்துட்டுப் போனதுக்கு ஒரு சீட்டு கேட்டேன், அதுவும் தரல. அப்பாவுக்கு அன்னைக்கு ராத்திரி கால் ரெண்டும் வீங்கிருச்சு. அந்த ஒரு நாளை உங்களால எனக்குத் திருப்பித் தர முடியுமா?

இதுல இன்னொன்னு. இத்தனை நடக்கும்போதே எங்க சர்ச் யூட்யூப் சேனல்ல போட்ட வீடியோ மேல உங்க கம்பெனி காப்பிரைட் கிளெய்ம் போட்டிருக்கு. பிள்ளைங்க ஆர்கன் மட்டும் வச்சு சாஸ்திரியார் கீர்த்தனை ஒண்ணைப் பாடினது, உங்க ட்ராக்கும் இல்ல, உங்க நாலு பார்ட்டும் இல்ல, நொட்டேஷன்தான் நீங்க தரவே இல்லையே. சாஸ்திரியார் 1774ல பிறந்து 1864ல மறைஞ்சவர். 1957 காப்பிரைட் சட்டப்படி எழுதினவர் மறைஞ்சு 60 வருஷம் வரைக்கும்தான் உரிமை. உங்க ரெக்கார்டிங் உங்களுக்குச் சொந்தம், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல, ஆனா அந்தப் பாட்டு சபைக்குச் சொந்தம். டிஸ்ப்யூட் போட்டேன், பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள் டைம் இருக்குன்னு கடைசி வரைக்கும் இழுத்தீங்க. கிளெய்ம் போட ஆள் இருக்கு, புஸ்தகம் அனுப்ப ஆள் இல்லையா? நொட்டேஷனை பிடிஎஃப்ஆவது அனுப்புங்கன்னு கேட்டதுக்கு அதே மனுஷன், மேல சொன்னேனே அவர்தான், "அது எங்க காப்பிரைட், ஃப்ரீயா தர முடியாது"ன்னார். காசு குடுத்து வாங்கினவகிட்ட ஃப்ரீங்கிற வார்த்தையை அவர் எப்படிச் சொல்லலாம்?

எங்க ஆலய பிரதிஷ்டை பண்டிகை முடிஞ்சு போச்சு. இந்த ஆல்பத்துல இருந்து மூணு பாட்டு பாடுறதா எங்க போதகர் ஐயர்வாள்கிட்ட சொல்லி நிகழ்ச்சி நிரல்ல அச்சும் ஆயிருச்சு. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க எல்லாம் வர்ற நாள், அன்னைக்கு எங்க க்வயர் எந்திரிச்சு நின்னு வழக்கமா பாடுற பழைய ஞானப்பாட்டைத்தான் பாடுச்சு. என் பிள்ளைங்க முகத்தைப் பாக்க முடியல. ஆல்டோல நல்லாப் பாடுற ரெண்டு பேர் இப்ப பிராக்டிஸுக்கே வர்றதில்ல, சபையில எங்க மரியாதை போச்சு. இதுக்கு எந்தப் பணமும் ஈடாகாது.

நான் சண்டைக்காரி கிடையாது. இப்பவும் தாழ்மையாத்தான் கேக்குறேன். தனியா எடுத்த இசையோட சரியான மைனஸ் ட்ராக் எல்லாப் பாட்டுக்கும் வேணும். சோல்ஃபா போட்ட புஸ்தகம் வேணும், இன்னும் அச்சடிக்கலன்னா நாளைக்கே பிடிஎஃப் அனுப்பிட்டு புஸ்தகத்தைப் பின்னாடி அனுப்புங்க. அச்சடிச்ச சிடி நாலு. பென்டிரைவை எங்க சர்ச் சவுண்ட் மிக்ஸர் எடுக்கல, பழைய செட்டும் படிக்கிற மாதிரி ஃபேட்32ங்கிற ஃபார்மேட்ல போட்டு அனுப்புங்க, இது உங்க டெக்னிக்கல் ஆளுக்குச் சொன்னாப் புரியும். வீடியோ மேல உள்ள கிளெய்மை எடுங்க. பாளையங்கோட்டை போய் வந்த செலவைக் குடுங்க. அந்த மனுஷன் எங்க அப்பாகிட்ட ஃபோன்ல மன்னிப்பு கேக்கணும், இதுல நான் விட்டுக் குடுக்க மாட்டேன். இது எதுவும் முடியாதுன்னா நாலு பேக் பணம் 5,996 ரூபாயும் முழுசாத் திருப்பி அனுப்புங்க, பார்சலை எடுத்துட்டுப் போக ஆள் நீங்க அனுப்புங்க, நான் இன்னொரு தடவை ரயில் ஏற மாட்டேன்.

ஆன்லைன்ல விக்கிறவங்களுக்கு 2020ல வந்த நுகர்வோர் விதிப்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்த்து வைக்கணும். அந்தக் கணக்கு இந்த மெயில்ல இருந்து ஓடுது. அது தாண்டினா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு ஃபோன் பண்ணிப் பதிவு பண்ணுவேன், அதுக்கும் அசையலன்னா தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல கேஸ் போடுவேன். நான் இருக்குற ஊர்லயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸும் கிடையாது, மன உளைச்சலுக்குச் சேத்து ஒரு லட்சம் கேப்பேன். எங்க சபையில வக்கீல் ரெண்டு பேர் இருக்காங்க, பேப்பர் எல்லாம் காட்டியாச்சு. பக்கத்து சேகரங்கள்ல, அதாவது பக்கத்து ஊர் சபைகள்ல, இருக்குற க்வயர் லீடர்ஸ் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கோம், கிறிஸ்மஸுக்கு இந்த பேக்கை வாங்கலாமான்னு அங்க கேட்டுட்டு இருக்காங்க, நான் இன்னும் பதில் போடல. உங்க பதிலைப் பாத்துட்டுப் போடுறேன்.

மாலை ஆறு மணிக்கு மேல பிராக்டிஸ்ல இருப்பேன், ஃபோன் எடுக்க மாட்டேன். மெயில்லயே எழுதுங்க.

இப்படிக்கு,
ஃபுல் பேக் நாலு வாங்கின க்வயர் லீடர்
(பேரும் அட்ரஸும் பில்லுல இருக்கு)