அலுமாரியில் இருந்த கிளினிக் கொப்பி

களுதாவளை,
வெள்ளிக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்றுத் தொலைபேசியில் பேசியபோது பல் வலி, வலப் பக்கத்தால் சாப்பிட முடியவில்லை என்றாய். இரண்டு கிழமையாகப் பனடோல் போட்டுச் சமாளிப்பதாகவும், ஊருக்கு வந்து எங்கள் பல் டொக்டரிடமே காட்டிக்கொள்வதாகவும் சொன்னாய். நானும் "சரி மகள்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு நித்திரை வரவில்லை. தொலைபேசியில் சொன்னால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கடந்துவிடுவாய். கடிதம் என்றால் இரண்டு தரமாவது வாசிப்பாய் என்று எழுதுகிறேன்.

நீ வர இன்னும் ஏழு கிழமை இருக்கிறது. சூத்தைப் பல் அவ்வளவு நாள் பொறுக்காது, பிள்ளை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசி, உடனே நின்றுவிடுகிற வலி என்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். சூடு பட்டாலும் வலிக்கிறது, படுத்தால் கூடுகிறது, இரவில் எழுப்புகிறது என்று நீயே சொன்னாய். அப்படிப்பட்ட வலி நரம்புவரை போய்விட்டதற்கு அடையாளம் என்று எங்கள் டொக்டர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் வலி தானாக நின்றுபோனால் சுகமாகிவிட்டது என்று இருந்துவிடாதே. நரம்பு செத்தாலும் வலி நிற்கும். கிருமி வேருக்குள்ளேயே இருந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கும். வீட்டில் மிஞ்சிக் கிடந்த அமொக்சிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசையை மூன்று நாள் போட்டேன் என்றாயே, அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்தக் குளிசை வீக்கத்தைக் கொஞ்சம் இறக்கும். பல்லைத் திறந்து உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்யாதவரை மூலகாரணம் அப்படியே இருக்கும். வைத்தியர் எழுதித் தராத அந்த மருந்தை இனித் தொடாதே.

அங்கே இங்கிலாந்தில் புதிய ஆட்களைச் சேர்த்துக்கொள்ளும் பல் வைத்தியரைத் தேடுவதே பெரிய பாடு என்பதும், செலவு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை அங்குள்ள சுகாதார சேவையின் 111 இலக்கத்தை அழைத்து, அவசரமாகப் பார்க்க ஓர் ஒழுங்கு கேள். அதற்கிடையில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டாலோ, வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலோ, பல் வைத்தியரைத் தேடிக்கொண்டு நில்லாமல் நேரே பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போ. கராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் வலியை ஆற்றும், அவ்வளவுதான். அஸ்பிரின் குளிசையைப் பல்லுக்குப் பக்கத்தில் அடக்கி வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது முரசை, அதாவது பல் ஈறைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும்.

இனி, உன்னிடம் மூன்று வருடமாக மறைத்த ஒன்றைச் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பல் கழற்றியது உனக்குத் தெரியும். அன்றிரவு நடந்ததைச் சொல்லவில்லை. சின்னவனோடு தனியாக இருக்கிறாய், பயந்துபோவாய் என்று விட்டுவிட்டேன். நெஞ்சு வருத்தம் வந்த பிறகு அவர் மாதாமாதம் கிளினிக்குக்குப் போய், இரத்தம் இலகுவில் உறையாமல் வைக்கும் அஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுத்து வருகிறவர். களுவாஞ்சிக்குடியில் அந்தப் பல் டொக்டர் அவரை நாற்காலியில் இருத்தியதும் முதலில் கேட்டதே, "ஐயா, வேறு வருத்தம் ஏதும் இருக்கிறதா? குளிசை ஏதும் எடுக்கிறீர்களா?" என்பதுதான். அப்பா "ஒன்றும் இல்லை" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன், நானும் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கழற்றாமல் திருப்பி அனுப்பிவிடுவார், இன்னொரு நாள் தோட்ட வேலை கெட்டுவிடும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. அவருடைய மருந்துகளை எழுதிய கிளினிக் கொப்பி வீட்டில், அலுமாரிக்குள் இருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கழற்றினார்கள். துணி மடிப்பை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடித்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். எட்டு மணிக்கும் வாய் நிறைய இரத்தம். அவர் திரும்பத் திரும்பக் கொப்பளித்துத் துப்பினார். அது பெரிய பிழை என்று எங்களுக்குத் தெரியாது. குழிக்குள் உறைகிற இரத்தக்கட்டிதான் காயத்துக்கு மூடி. முதல் 24 மணித்தியாலமும் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சக் கூடாது. இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரெல்லாம் அடுத்த நாளிலிருந்துதான். நள்ளிரவு தாண்டியபோது தலையணை உறை முழுக்கச் சிவப்பு. பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி, ஒட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போய்த் தையல் போட்ட பிறகே நின்றது. அந்த ஒட்டோவுக்குள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போன நேரத்தை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

மறுநாள் போய் நின்றபோது அந்த டொக்டர் ஏசவில்லை. "அம்மா, சொல்லியிருந்தாலும் நான் திருப்பி அனுப்பியிருக்க மாட்டேன், குளிசையை நிறுத்தவும் சொல்லியிருக்க மாட்டேன். அதை நிறுத்தினால் நெஞ்சுக்குத்தான் ஆபத்து. காலை நேரத்தில் வரச் சொல்லி, கழற்றிய கையோடு தையலும் போட்டு, இரத்தம் நின்ற பிறகுதான் வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். எவ்வளவு சின்ன விஷயம், பார்.

ஆகவே நீ வரும்போது உங்கள் மூன்று பேரின் மருந்து விபரங்களையும் எழுதி எடுத்து வா. அங்கே எக்ஸ்ரே எடுத்தால் அதன் பிரதியையும் கேட்டு வாங்கு. வாய்க்குள் பார்ப்பவருக்கு நெஞ்சும் சிறுநீரகமும் எதற்கு என்று நினைக்காதே. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்களுக்குச் சில சிகிச்சைகளுக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்க வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் சில மருந்துகளால் பல் கழற்றிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். எனக்கும் அந்தக் குளிசை எழுதியிருக்கிறார்கள், நான் இப்போது முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், எக்ஸ்ரேக்கு முன் சொல்ல வேண்டும். பல் கழற்றினால் குழந்தைக்கு ஆகாது என்று ஒன்பது மாதமும் வலியோடு இருந்த பெண்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலத்தில் முரசு இலகுவாக வீங்கி இரத்தம் கசியும், அப்போதுதான் பல் வைத்தியரிடம் கட்டாயம் போக வேண்டும். எங்கள் தாய்மார் கிளினிக்கிலேயே கர்ப்பிணிகளைப் பல் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள்.

அந்த டொக்டருக்கு நாம் கடமைப்பட்டிருப்பது தையலுக்காக மட்டும் இல்லை. தையல் பார்க்கப் போன நாளில் அவர் அப்பாவின் நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். நாக்கின் அடி, கன்னங்களின் உட்புறம் எல்லாம் விரலால் தடவினார். இடக் கன்னத்தில், அவர் வெற்றிலையை அடக்குகிற அதே இடத்தில், ஒரு வெள்ளைப் படை. வலி இல்லை, எரிவு இல்லை, அப்பாவுக்கே தெரியாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தந்தார். சிறு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை என்று முடிவு வர எடுத்த நாட்களில் நான் கண்ணகி அம்மனுக்கு வைக்காத நேர்த்தி இல்லை.

உன் அப்பம்மாவை நினைத்துப் பார். கடைசிக் காலத்தில் காரம் எரிகிறது என்றார், கறியில் மிளகாயைக் குறைத்தோம். வாய் திறப்பது குறைந்துகொண்டே வந்தது, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு. வயது போனால் அப்படித்தான் என்று சோற்றைக் குழைத்துக் கரைத்துக் கொடுத்தோம். பாக்கு வாயின் உட்தோலை இறுக்குகிறது என்பதும், அது புற்றுநோய்க்கு முன்னோடி என்பதும் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டு போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் ஐந்து வருடத்துக்கு முன் அவவின் வாயைத் திறந்து பார்த்திருந்தால் என்று இன்றைக்கும் மனம் அடிக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குப் போட்டாலும் ஆபத்துத்தான் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

வெற்றிலைக் கொடிதான் உன்னைப் படிக்க வைத்தது, மகள். விடியற்காலையில் கொடிக்குத் தண்ணீர் ஊற்றி, இலை கிள்ளி, அடுக்கிக் கட்டிய கைகள் நம்முடையவை. கொடியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது, அதற்குத் தேவையும் இல்லை. கேடு பாக்கிலும் புகையிலையிலும் இருக்கிறது. சபையில் வெற்றிலை வட்டாவை நீட்டினால் அப்பா இப்போது தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடுகிறார். ஐம்பது வருடப் பழக்கத்தை அவர் விட்டதை நான் பெருமையாகவே சொல்வேன். உன் வாயிலும் மருமகன் வாயிலும் வெள்ளையோ சிவப்போ ஒரு படை, அல்லது ஆறாத புண் இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் உடனே காட்டுங்கள்.

மருமகனுக்கு இதைத் தனியாக வாசித்துக் காட்டு. சீனி வருத்தம் உள்ளவருக்கு முரசு நோய் இலகுவில் வரும், முரசு நோய் இருந்தால் சீனியும் கட்டுக்குள் நிற்காது. பல் துலக்கும்போது இரத்தம் வருகிறது என்று அந்த இடத்தைத் தொடாமல் விடுகிறாராம். இரத்தம் வருகிற இடம்தான் இன்னும் மெதுவாகவும் நன்றாகவும் துலக்க வேண்டிய இடம். பல்லில் படிந்து இறுகிய காவியைச் சுரண்டினால் பல் ஆடும் என்று சம்பந்தியம்மா சொன்னதையும் கேட்டேன். பல் ஆடுவது காவிக்கு அடியில் எலும்பு கரைந்ததால். சுத்தம் செய்த பிறகு சில நாள் கூசும், இடைவெளி தெரியும், பிறகு முரசு இறுகிவிடும். காலைச் சாப்பாட்டையும் குளிசையையும் வழமைபோல் எடுத்துக்கொண்டே வரட்டும். வெறும் வயிற்றோடு வந்து நாற்காலியில் மயங்கிவிடக் கூடாது.

சின்னவனுக்கு ஆறு வயது. கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே, கடைவாய்ப் பற்கள் முளைக்கும் வயது இது. அவை ஆயுளுக்கும் உரியவை. உனக்கு அந்தப் பல்லைப் பாற்பல் என்று நினைத்து, விழத்தானே போகிறது என்று நான் கவனிக்காமல் விட்டேன். ஒன்பது வயதில் கழற்ற வேண்டியதாகிவிட்டது. அந்த இடைவெளியை நீ சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நான் பார்க்கிறேன். அவனுக்கு அப்படி நேர விடாதே. அந்தப் பற்களின் பள்ளங்களை மூடி ஒரு பூச்சுப் பூசலாம், கேட்டுப் பார். 18 வயதுவரை அவனுக்கு அங்கே இலவசம் என்று நீதானே சொன்னாய். இரவில் நீயே துலக்கிவிடு. புளோரைட் உள்ள பற்பசை ஒரு பட்டாணி அளவு போதும், துலக்கிய பின் துப்பினால் சரி, தண்ணீரால் அலசத் தேவையில்லை. சேட்டை செய்தால் டொக்டரிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று மட்டும் சொல்லாதே. நான் உன்னிடம் அப்படிச் சொல்லித்தான் நீ பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாய், இன்றைக்கும் தள்ளிப் போடுகிறாய். ஊசியே போட மாட்டார்கள் என்ற பொய்யும் வேண்டாம். பல்லை எண்ணிப் பார்ப்பார் என்று சொல். விறைப்பு ஊசி போட நேர்ந்தால், உணர்வு திரும்பும்வரை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள். விளையாட்டில் நிலையான பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பக்கத்தால் பிடித்து, தேய்த்துக் கழுவாமல், பாலில் போட்டு உடனே ஓடு. அரை மணித்தியாலத்துக்குள் போனால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது. பாற்பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது.

இங்கே வந்து செய்ய வேண்டியவற்றை விடுமுறையின் கடைசிக் கிழமைக்கு வைக்காதே. அடைப்பதும் சுத்தம் செய்வதும் ஒரு நாளில் முடியும். வேர்ச் சிகிச்சைக்கு இரண்டு மூன்று தரம் போக வேண்டிவரலாம், அதன் மேல் போடும் உறை தயாராகி வரவும் நாள் எடுக்கும். கழற்றினால்கூட, இரத்தக்கட்டி கழன்று எலும்பு வெளித்தெரிகிற அந்தக் கடும் வலி வருமென்றால், சில நாள் கழித்துத்தான் தொடங்கும். அப்போது நீ விமானத்தில் இருக்கக் கூடாது. எத்தனை தரம் வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கு. கருவிகளை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள் என்றும் கேட்கலாம், நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார். மலிவாகப் பல் கட்டித் தருகிறார் என்று யாராவது ஓர் இடம் சொன்னால் போகாதே. இலங்கை மருத்துவச் சபையில் பதிவு உள்ள பல் வைத்தியரா என்பதுதான் முதற் கேள்வி.

மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு முந்திய கிழமை நீங்கள் வந்து சேருகிறீர்கள். அந்தச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு மூன்று பேருக்கும் நேரம் கேட்டுச் சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் அன்றுதான் கன்னம் பார்க்கும் நாள், கொப்பியை அவர் இப்போது சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். ஆனால் அந்த வலப் பக்கத்துப் பல்லை அதுவரை வைத்திருக்காதே. திங்கட்கிழமை அழைத்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே எனக்குச் சொல். நான் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

அன்புடன்,
அம்மா