நாற்பது தாண்டியவர்களும் சைக்கிள் ஓடட்டும், தெருக்கரையை விட்டுத்தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலை நாளில் காலை ஏழரை மணிக்கு மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் நின்று பார்த்தால் சைக்கிளில் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகைதான். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அப்புறம் கூலி வேலைக்கும் மீன் யாவாரத்துக்கும் போகிற வயது போன ஆட்கள். இடையில் இருக்கிற நாங்கள், அதாவது நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட, கந்தோரிலும் வங்கியிலும் கடையிலும் கதிரையில் இருந்து உழைக்கிற ஆட்கள், எல்லாரும் மோட்டார் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும்தான் போகிறோம். உடம்பை அசைக்க வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ அவர்களைத்தான் சைக்கிளில் காணக் கிடைப்பதில்லை. இதைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. அரச அலுவலகமொன்றில் வேலை, வீடு கல்லடிப் பக்கம், வேலை புளியந்தீவில். பள்ளிக்கூடம் போன காலத்தில் சைக்கிள்தான் எனக்கு எல்லாம், எங்கள் வயதுப் பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். போர்க் காலத்து மட்டக்களப்பை அறிந்தவர்களுக்கு இது தெரியும். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையிலிருந்து விறகும் தயிர்ச் சட்டியும் சைக்கிளில்தான் வந்தன, கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கரியரில் இருத்திக் கொண்டுபோன குடும்பங்களும் உண்டு. பிறகு சமாதானம் வந்தது, லீசிங் வந்தது, தவணைக் காசுக்கு ஸ்கூட்டி வந்தது. சைக்கிள் வீட்டுக் கோடிக்குள் போய்விட்டது.

அதை வெளியே எடுக்க வைத்தது 2022. பெற்றோல் வரிசையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வருடம் கியூ.ஆர். எரிபொருள் பங்கீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லிற்றர்தான் தந்தார்கள். அப்போது எங்கள் அலுவலகத்தில் பதவி நிலை உத்தியோகத்தர் முதல் சிற்றூழியர் வரைக்கும் சைக்கிளில் வந்தார்கள், வேர்த்து விறுவிறுத்து வந்தாலும் வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது ஆளும் ஆரையம்பதியிலிருந்து உழக்கி வந்து நேரத்துக்குக் கையெழுத்து வைத்தார். எங்களால் முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கினதும் ஒவ்வொருவராகப் பழையபடி ஸ்கூட்டிக்குத் திரும்பிவிட்டார்கள். நான் திரும்பவில்லை, அதற்குக் காரணம் என்னுடைய கிளினிக் கொப்பி.

வெறும் வயிற்றில் பார்க்கும் சீனி 100க்குக் கீழே இருந்தால் நல்லது, 126ஐத் தொட்டால் அல்லது தாண்டினால் நீரிழிவு, இடையில் நின்றால் எச்சரிக்கை என்று டொக்டர்மார் சொல்வார்கள். நான் பல காலமாக அந்த இடையில் நின்றவள். நட என்று சொன்னார்கள், நடந்தேன், முழங்கால் வீங்கியது. நடக்கும்போது உடம்பின் பாரம் முழுதும் முழங்காலில் இறங்குகிறது, சைக்கிளில் பெரும்பகுதி சீற்றில் இருக்கிறது. அதனால்தான் நடக்க ஏலாத என்னால் சைக்கிள் ஓட முடிந்தது. இப்போது வெறும் வயிற்றுச் சீனி 100க்குக் கீழே நிற்கிறது, மாடிப்படி ஏறும்போது இடையில் நின்று மூச்சு வாங்குவதில்லை, இரவில் அடித்துப்போட்டது போல நித்திரை வருகிறது. எடை பெரிதாகக் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இரவுச் சாப்பாட்டில் சோற்றையும் புட்டையும் குறைத்த பிறகுதான் அது கொஞ்சம் இறங்கியது. மெலிவதற்காக மட்டும் சைக்கிள் ஏறுகிறவர்கள் ஒரு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயமில்லை. தொடைத் தசை உடம்பிலேயே பெரிய தசைக் கூட்டம், அது வேலை செய்யும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில்கூட இரத்தத்தில் இருக்கிற சீனியை இழுத்து எரிக்கிறது, சைக்கிளால் இறங்கிய பிறகும் ஒரு நாளளவுக்கு அந்தத் தசை சீனியைக் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஓடி முறிவதைவிடக் கிழமையில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் ஓடுவது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வதும் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம்தான், அதாவது வேலைக்குப் போய் வருகிற நேரத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தனியாக ஜிம் காசு கட்டத் தேவையில்லை. டென்மார்க்கில் 50 முதல் 65 வயது வரையான 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் பல வருடம் பின்தொடர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. முன்பு ஓடாமல் இருந்து, ஆய்வு தொடங்கி ஐந்து வருடத்துக்குள் சைக்கிள் ஓடத் தொடங்கியவர்களுக்கு, ஓடாமலே இருந்தவர்களைவிட டைப் 2 நீரிழிவு வரும் வாய்ப்பு 20 சதவீதம் குறைவாக இருந்ததாம். புகைத்தல், மது, சாப்பாடு, மற்ற உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு வந்த விடை அது. ஐம்பது தாண்டித் தொடங்கியவர்களுக்கே இந்தப் பலன் என்றால், நாற்பதில் இருக்கிறவர்கள் ‘காலம் போயிற்று’ என்று சொல்வதில் நியாயமே இல்லை.

ஒரு எச்சரிக்கை. சீனிக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு ஓடப் போகக் கூடாது, சீனி சடாரென்று இறங்கித் தலைசுற்றும். பொக்கெற்றில் இரண்டு குளுக்கோஸ் வில்லையோ டொஃபியோ வைத்திருங்கள். நெஞ்சு இறுகுகிறது, இடது கை உளைகிறது என்றால் அப்படியே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொடங்க முதல் ஒரு தடவை பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்வது நல்லது. எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவுகளிலும் அரச ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை மையங்களில் 35 வயது தாண்டியவர்களுக்கு இதை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், ஆண்கள் வருத்தம் முற்றிய பிறகுதான் போகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

சைக்கிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கியர் வைத்த புதுச் சைக்கிளுக்குப் பெரிய விலை கொடுத்து, வீட்டு முன்னால் நிறுத்திவைத்திருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊருக்குக் கியரே தேவையில்லை, கோடிக்குள் கிடக்கிற பழைய லுமாலாவே போதும். என்னுடையதை எங்கள் ஒழுங்கை முனையில் சைக்கிள் திருத்துகிற ஐயாவிடம் கொண்டுபோனபோது, அவர் ரயரைப் பார்க்க முதல் சீற்றைத்தான் பார்த்தார். “என்ன புள்ள, சீற் இவ்வளவு கீழ கிடக்கு, முழங்கால் நோகாதா?” என்று கேட்டார். சீற் தண்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, சீற்றை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் திருப்பித் திருப்பித்தான் மேலே இழுத்தார். பிறகு என்னை ஏறச் சொல்லி, மதிலைப் பிடித்துக்கொண்டு, பெடல் ஆகக் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைக்கச் சொன்னார். கால் நேராக நீண்டு குதிக்கால் பெடலில் பட்டால் உயரம் சரி, பிறகு முன்பாதத்தால் உழக்கும்போது முழங்கால் அளவாக மடங்கும் என்றார். கால் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி வைத்திருக்கிறவர்கள்தான் எங்களில் அதிகம், முழங்கால் நோவுக்குப் பாதிக் காரணம் அதுதான். ரயருக்குக் காற்றுக் குறைவாக இருந்தாலும் அப்படித்தான், இரண்டு மடங்கு பாடு. இரண்டு சில்லையும் பெருவிரலால் அமத்திப் பார்த்து, கிழமைக்கு ஒரு தடவை காற்று அடியுங்கள்.

நிலம் எங்களுக்கு நல்ல தோது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் தட்டையாகக் கிடக்கிற ஊர், பாலங்களை விட்டால் ஏற்றம் என்று ஒன்றில்லை. கால்களுக்கு வேலை வைப்பது காற்றுத்தான். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது பத்து மணிக்குப் பிறகு மேற்கே பார்த்து ஓடினால் முகத்தில் நெருப்பு வீசும், தொண்டை காயும். அந்த மாதங்களில் விடியற்காலையே சரி. வெள்ளன எழும்பி கல்லடியிலிருந்து நாவலடிப் பக்கம் கடற்கரை ரோட்டால் போய் வெயில் ஏற முதல் திரும்பிவிடலாம். லீவு நாளென்றால் மண்முனைப் பாலத்தால் கடந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் போங்கள், 2014இல் அந்தப் பாலம் திறக்கும் வரை ‘பாதை’ என்கிற மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக் காத்துக்கிடந்து போன இடம், இப்போது வயலுக்கு நடுவால் நேராக ஓடலாம். தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டும் வரலாம்.

இனி மனதில் இருக்கிற ஆத்திரத்தையும் எழுதிவிடுகிறேன். “மிஸ், ஸ்கூட்டி பழுதா?” முதல் கேள்வி அது. “ஸ்கூட்டிய வித்துட்டீங்களா, ஏதும் காசுப் பிரச்சினையா?” இரண்டாவது. “இந்த வயசில உங்களுக்கு ஏன் இந்த வேலை?” மூன்றாவது, இது சொந்தக்காரர் கேட்பது. ஆண்களை இவ்வளவு கேட்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதுப் பெண் சைக்கிளில் போனால் வீட்டில் கஷ்டம் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது, அதுக்குப் பயந்தே எத்தனையோ பேர் ஏறாமல் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் ஓட ஆசை இருந்தும் மாமியார் என்ன சொல்வாரோ என்று தயங்கிக்கொண்டிருந்தார்கள், சேர்ந்து போவோம் என்று கூப்பிட்ட பிறகுதான் வந்தார்கள். தனியாகப் போக வெட்கமாக இருக்கிறவர்கள் ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள், இரண்டு பேராகப் போனால் கேள்வி பாதியாகக் குறையும். காலமை சைக்கிளில் போகிற அக்காவையோ ரீச்சரையோ கண்டால் இந்தக் கேள்விகளைக் கேட்காதீர்கள் என்று உங்கள் வாசகர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

ஊர் வாயை ஒருவாறு சமாளிக்கலாம், தெருவைச் சமாளிக்க ஏலாது. கல்லடியிலிருந்து காத்தான்குடி தாண்டி ஆரையம்பதி வரைக்கும் பிரதான வீதியில் சைக்கிளுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கிற ஒரு துண்டுதான். அந்தத் துண்டில்தான் வான் நிற்கிறது, கடைப் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன, போதாக்குறைக்கு மணல். கடற்கரை ஊர், காற்று மணலை அள்ளி ரோட்டுக் கரையில் போட்டுக்கொண்டேதான் இருக்கும், அதில் முன்சில்லு ஏறினால் பிறேக் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் சறுக்கும். அதைத் தவிர்க்க நடு ரோட்டுப் பக்கம் ஒதுங்கினால் பின்னால் பஸ். இருபது வயதில் விழுந்தால் தட்டிவிட்டு எழும்பலாம், ஐம்பதில் இடுப்பெலும்பு முறிந்தால் வீட்டுக்கே பாரம்.

மாநகர சபையிடமும் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்பது கோடிக்கணக்கில் செலவாகிற சைக்கிள் பாதை இல்லை. ரோட்டுக் கரை மணலைக் கிழமைக்கு ஒரு தடவை கூட்டி அள்ளுங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைக்கும், பிறகு பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும், கரையில் வாகனம் நிறுத்துவதைப் பொலிசோடு பேசித் தடுங்கள். 2013இல் புதுப் பாலம் திறந்த பிறகு பக்கத்தில் நிற்கிற 1924ஆம் ஆண்டுப் பழைய கல்லடிப் பாலத்தைத் தளம் பழுது பார்த்து, இரவில் ஒழுங்கான வெளிச்சம் போட்டு, நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றே முழுதாக ஒதுக்கித் தந்தால், ஒருவருக்கும் பயப்படாமல் வாவியைக் கடக்கலாம். அரச அலுவலகத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மோட்டார் சைக்கிளுக்குக் கூரை போட்ட இடம் இருக்கிறது, அதே கூரைக்குள் நாலு சைக்கிள் நிறுத்த இடமும், வேர்வையைக் கழுவி உடுப்பு மாற்றக் கதவு பூட்டுகிற ஒரு குளியலறையும் வேண்டும். பெண்கள் வருவதும் வராததும் பெரும்பாலும் அந்தக் குளியலறையில்தான் இருக்கிறது.

மாரி தொடங்கினால் ரோட்டுக் கரை முழுக்கத் தண்ணீரும் சேறும், கூட்டுகிற வேலையெல்லாம் தை மாதத்துக்குத் தள்ளிப்போய்விடும். ஐப்பசிக்கு முதல் மணல் அள்ளுகிற வேலையையாவது தொடங்கச் சொல்லி உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு வாசகி