இரண்டு கேபிளைச் சேர்த்துக் கட்டினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில் கேபிள் வழி இன்டர்நெட் வாங்கியிருக்கும் வீடுகளில் சாயங்காலம் ஏழு மணி தாண்டினால் ஒரே புலம்பல்: பணம் கட்டுவது நூறு எம்.பி.க்கு (வினாடிக்கு நூறு மெகாபிட் வேகம்), வருவது முப்பது. கேபிள்காரரைக் கேட்டால், “ரெண்டாவது லைனும் எடுத்துச் சேர்த்துக் கட்டியாச்சு, அதுக்கு மேல நாங்க என்ன செய்ய?” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. லைன் பல இடங்களில் போதுமான அளவு இருக்கிறது. கட்டிய லைன்மேல் வேக வரம்பு போட்ட இடமும் அளவும்தான் தப்பு. இதைச் சரிசெய்யப் புது சாமான் எதுவும் வாங்க வேண்டாம். கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ஒரு ராத்திரி வேலை பார்த்தால் போதும் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

ஒரு ஜிகாபிட் (ஆயிரம் எம்.பி.) கேபிள் இரண்டை, கேபிள்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டியில் பாண்டிங் செய்தால், அதாவது ஒரே கட்டாகச் சேர்த்தால், இரண்டு ஜிகாபிட் அகலத்தில் ஒரே சாலை கிடைத்துவிடாது. ஒரு ஜிகாபிட் சாலைகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடும், அவ்வளவுதான். ஒரே டவுன்லோடின் பாக்கெட்டுகள் முன்பின் மாறிப் போகக்கூடாது என்பதற்காக, ஒரு தொடர்பு முழுவதும் ஒரே கேபிளில் போக வேண்டும் என்றுதான் 2000-ல் வந்த 802.3ஏ.டி. தரமும், அதன் இடத்தில் 2008-ல் வந்த 802.1ஏ.எக்ஸ். தரமும் வகுத்திருக்கின்றன. எந்தத் தொடர்பு எந்தக் கேபிளில் என்று முடிவு செய்வது ஹேஷ் கணக்கு. அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரிகளை வைத்து சுவிட்சே அந்தக் கணக்கைப் போடுகிறது.

முதல் கோளாறு இங்கேதான். நம் பக்கம் பெரும்பாலும் பி.பி.பி.ஓ.இ. (ஒவ்வொரு வீடும் தன் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து ரவுட்டரில் நுழைவது) முறையில்தான் வீடுகளுக்கு இணைப்பு. ரவுட்டரிலிருந்து வீட்டுக்கு இறங்கும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் அனுப்புநர் மேக் முகவரி (சாதனத்துக்குச் சாதனம் வேறுபடும் அடையாள எண்) ஒன்றே ஒன்று, அந்த ரவுட்டருடையது. சுவிட்சில் ஹேஷ் அனுப்புநர் மேக்கை மட்டும் பார்த்தால் ஆயிரம் வீட்டு டவுன்லோடும் ஒரே கேபிளில் போய் முட்டும், இரண்டாவது கேபிள் சும்மா கிடக்கும். ஐ.பி. முகவரிக்கு மாற்றினால் தீரும் என்று சிலர் செய்கிறார்கள். ஆனால் பி.பி.பி.ஓ.இ. உறைக்குள் இருக்கும் ஐ.பி.யைப் பல சுவிட்சுகளால் படிக்க முடியாது, மறுபடி மேக்குக்கே திரும்பிவிடும். அனுப்புநர், பெறுநர் இரண்டு மேக்கையும் சேர்த்துப் பார்க்கும் ஹேஷ்தான் இங்கே சரி. வீட்டுக்கு வீடு பெறுநர் மேக் வேறு என்பதால் இரண்டு கேபிளிலும் பிரிந்து ஓடும். ஒவ்வொரு முனையும் தான் அனுப்புவதற்கு மட்டுமே ஹேஷ் போடுகிறது. ஆகவே இரண்டு முனையிலும் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மாற்றினால் டவுன்லோடு சரியாகி அப்லோடு அப்படியே நிற்கும்.

சோதிக்க எளிய வழி: இரவு எட்டு மணிக்கு இரண்டு போர்ட்டின் அனுப்பும் கணக்கையும் ஐந்து நிமிட இடைவெளியில் குறித்து ஒப்பிடுங்கள். ஒன்று 900 எம்.பி.யைத் தொட்டு மற்றது நூறுக்குள் நின்றால் ஹேஷ்தான் குற்றவாளி. இன்னொன்று, மூன்று கேபிள் கட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. பல சுவிட்சுகள் ஹேஷ் விடையை எட்டுப் பங்காகத்தான் வைத்திருக்கின்றன. மூன்று கேபிளுக்கு அது 3:3:2 என்று கோணலாகப் பிரியும். இரண்டு அல்லது நான்கு கட்டினால் சமமாகப் பிரியும்.

இனி வேக வரம்பு. மேலிருந்து, அதாவது நமக்கு மொத்தமாக லைன் கொடுப்பவரிடமிருந்து, வாங்கியது 800 எம்.பி. என்று வைத்துக்கொள்வோம். கட்டில் இரண்டு போர்ட். ஒவ்வொன்றிலும் 400 என்று போட்டால் மொத்தம் 800 என்று தோன்றும். ஹேஷ் ஒருநாளும் சரிபாதியாகப் பிரிக்காது. ஒரு போர்ட் 400-ல் முட்டி பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்ததில் 250-தான் ஓடும். காசு கொடுத்தது 800-க்கு, கையில் கிடைப்பது 650. சரி, ஒவ்வொன்றிலும் 800 என்று போடலாமே என்றால், இரண்டும் சேர்ந்து 1,600 வரை தள்ளப் பார்க்கும், மேலே இருப்பவர் மிச்சத்தைக் கண்மூடித்தனமாக வெட்டுவார்.

கம்பெனிக்குக் கம்பெனி இதில் நடத்தை வேறு. சிஸ்கோவின் 2960, 3750 வகைகளில் வரம்பைக் கட்டின்மேல் போட வழியில்லை, உள்ளே இருக்கும் ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரே மாதிரி போட வேண்டும். 2960-ல் போலீசிங் (வரம்பு மிஞ்சியதை வெட்டுவது) உள்ளே வரும் திசைக்கு மட்டும்தான். வெளியே போகும் திசைக்கு 10 முதல் 90 சதவீதம் வரை ஒரு வரம்பு கொடுக்கலாம், அதுவும் ஆறு ஆறாக நகரும், துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. மைக்ரோடிக் சி.ஆர்.எஸ். 3 வரிசையிலும் சுவிட்ச் சிப் வரம்பு தனிப் போர்ட்டுக்குத்தான். ஜூனிப்பர் எம்.எக்ஸ். ரவுட்டரில் கட்டின்மேலேயே போடலாம். ஆனால் அந்தக் கேபிள்கள் வெவ்வேறு கார்டில் சொருகியிருந்தால் ஒவ்வொரு கார்டும் முழு வரம்பையும் தனித்தனியே எண்ணும், 800 என்பது 1,600 ஆகிவிடும். அதைப் பங்கு போட்டு எண்ணவைக்க ‘ஷேர்டு பேண்ட்வித் போலீசர்’ என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். இந்த ஒரு வரி விட்டுப்போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எங்கள் முடிவான கருத்து: கட்டில் வரம்பே போடாதீர்கள். ஒரு வாடிக்கையாளரின் மொத்தப் போக்கும் பிரியாமல் கடந்துபோகும் இடம் பி.பி.பி.ஓ.இ. ரவுட்டர்தான். வரம்பை அங்கே ஆளுக்கு ஆள் போடுங்கள். மைக்ரோடிக் என்றால் பி.பி.பி. புரொஃபைலில் ரேட் லிமிட் இருக்கிறது. அதில் முதல் எண் வீட்டின் அப்லோடு, இரண்டாவது எண்தான் டவுன்லோடு. இதை மாற்றிப் போட்டுவிட்டு லைன்மேல் பழி சொல்வதும் உண்டு.

வரம்பைச் சரியான இடத்தில் போட்ட பிறகும் நூறுக்கு முப்பதுதான் வருகிறதென்றால் பர்ஸ்ட் அளவைப் பாருங்கள். போலீசிங் என்பது மிஞ்சிய பாக்கெட்டை அந்தக் கணமே வெட்டி எறிவது. ஷேப்பிங் என்பது வரிசையில் நிறுத்திச் சற்றுத் தாமதித்து அனுப்புவது. போலீசிங்கில் எவ்வளவு நேர மிச்சத்தைப் பொறுத்துக்கொள்வது என்பதுதான் பர்ஸ்ட். 100 எம்.பி. வேகத்துக்கு 5 மில்லி வினாடி என்று வைத்தால் 62,500 பைட். முழு அளவு பாக்கெட்டில் அது நாற்பத்தொன்றுதான். தொலைவிலிருக்கும் சர்வர் போய்வர 50 மில்லி வினாடி ஆகிறது என்றால், டி.சி.பி. (டவுன்லோடின் வேகத்தை ஏற்றி இறக்கும் விதிமுறை) ஒரே சுற்றில் அனுப்பி வைப்பது 6,25,000 பைட் வரை. அதில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் இடம் என்றால் பாக்கெட் விழும், டி.சி.பி. பயந்து வேகத்தைப் பாதியாக்கும், மெல்ல ஏறும், மறுபடி விழும். ஸ்பீடு டெஸ்ட் பல தொடர்புகளை ஒரே நேரத்தில் திறப்பதால் அதில் நூறு காட்டும். பிள்ளைகள் பாடக் கோப்பு ஒன்றை இறக்கினால் முப்பதில் நிற்கும். வீட்டுக்காரரும் கேபிள்காரரும் ஆளுக்கொரு படத்தைக் காட்டிச் சண்டை போடுவது இதனால்தான், இருவரும் காட்டுவது நிஜமே. பர்ஸ்ட்டை ஒரு போய்வரும் நேரத்துக்கு, அதாவது இந்தக் கணக்கில் 6,25,000 பைட்டில் தொடங்கிப் பாருங்கள். ஒன்றரை வினாடி அளவுக்கு, 1,87,50,000 பைட் என்று ஒரேயடியாக ஏற்றிவிட்டால் வேறு தொல்லை: அந்த வெள்ளம் கீழே ஓ.எல்.டி.யின் (வீடுகளுக்கு ஃபைபரைப் பிரித்துவிடும் சாதனம்) சின்ன பஃபரில் போய் வழியும். வெளியே போகும் திசையில் ஷேப்பிங் செய்ய வசதி இருந்தால் போலீசிங்கே வேண்டாம்.

இனி மழைக்காலம். ஜூனில் சாரல் தொடங்கினால் புளியரை மலைப்பாதையில் கிளை முறிந்து விழுவதும் கேபிள் அறுவதும் நடப்பதுதான். கட்டில் ஒரு கேபிள் போனால் 400-ம் 400-ம் போட்டவருக்கு மொத்தமே 400 ஆகிவிடும். அதைவிட மோசம், நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) வைத்த இடங்கள். அந்தப் பக்கம் ஃபைபர் அறுந்தாலும் இந்தப் பக்கம் சுவிட்ச் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எல்.ஏ.சி.பி. (இரு முனையும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும் முறை) இல்லாமல் வெறும் ஸ்டாட்டிக் பாண்டிங் என்றால், போர்ட் உயிரோடு இருக்கிறது என்று நம்பி பாதி வீட்டுப் பாக்கெட்டை அந்தப் பாழில் கொட்டிக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் நெட் ஓடும், சுவர் ஒட்டிய அடுத்த வீட்டில் ஓடாது. எல்.ஏ.சி.பி. போட்டால் அது தானே கண்டுபிடித்து அந்தக் கேபிளைக் கழற்றிவிடும். மெதுவான முறையில் அதற்கு 90 வினாடி, வேகமான முறையில் 3 வினாடி. வேகமானதையே வையுங்கள், இரண்டு முனையிலும்.

இதே சாக்கில் இன்னொரு வேண்டாத யோசனையும் உலவுகிறது: தென்காசிப் பக்கமிருந்து ஒரு லைன், ஆரியங்காவு வழியாகப் புனலூர்ப் பக்கமிருந்து ஒரு லைன், இரண்டையும் பாண்டிங் செய்யலாமே என்று. முடியாது. கட்டின் எல்லாக் கேபிளும் மறுமுனையிலும் ஒரே சாதனத்தில் போய் முடிய வேண்டும். இரண்டு மாநிலத்தில் இரண்டு கம்பெனியிடம் வாங்கிய லைனை ரவுட்டிங்கில்தான் பங்கு போட முடியும்.

எல்லாம் மாற்றிய பிறகு அதிகாலை இரண்டு மணிக்கு ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருள் வைத்துச் சோதியுங்கள். ஒரு வாடிக்கையாளர் கணக்கில் முதலில் ஒரே தொடர்பு, பிறகு எட்டுத் தொடர்பு. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் வந்தால் பர்ஸ்ட் இன்னும் போதவில்லை. அடுத்து, வேறு வேறு மேக் உள்ள நாலைந்து இணைப்புகளில் ஒரே நேரத்தில் ஓட்டி இரண்டு கேபிளும் பங்கு எடுக்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக ஒரு கேபிளைக் கையால் உருவிவிட்டு, எத்தனை வினாடியில் மீள்கிறது என்று எண்ணுங்கள்.

பள்ளி, மருத்துவமனை, ஊராட்சி அலுவலகம் என்று மொத்தமாக லைன் வாங்குகிறவர்கள் விலைப்புள்ளியிலேயே மூன்று பதில் எழுதி வாங்க வேண்டும்: சொன்ன வேகம் கட்டு முழுவதற்குமா, கேபிள் ஒன்றுக்கா? ஒரே தொடர்பில் எவ்வளவு வரும்? ஒரு கேபிள் அறுந்தால் எவ்வளவு மிஞ்சும்? கேபிள் நடத்துகிறவர்கள் இந்த வேலையை சாரலுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மழையில் கம்பம் ஏறும் நாட்களில் கான்ஃபிக் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
நெட்வொர்க் பராமரிப்புப் பணியாளர்கள்,
செங்கோட்டை வட்டாரம், தென்காசி மாவட்டம்.